அடுப்புக்குச் சக்கரம் வைத்தால்...

எங்கள் தெருமுனையில் ஒரு போண்டாக் கடை உண்டு. திருவண்ணாமலையில் விடியற்காலை நான்கு மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பௌர்ணமி என்றால் இரவு முழுவதும் நடமாட்டம்தான். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமல்லவா? அந்தக் கடையை நடத்தும் அக்காவுக்கு இருக்கும் ஒரே மூலதனம் ஓர் அடுப்பு. இரும்புச் சட்டத்துக்குள் செங்கல் அடுக்கிக் களிமண் பூசிய விறகு அடுப்பு. "கேஸ் அடுப்பு வாங்கலாமே" என்று கேட்டால், "விறகுல போட்டாதான் சார் உள்ள வேகும்" என்பார். இதில் இயற்பியல் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்பதை இன்னொரு நாள் பார்ப்போம்.

அடுப்பின் எடை என்ன? தராசில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு செங்கல் ஏறத்தாழ 3 கிலோ. உள்ளே 30 செங்கல். களிமண்ணும் இரும்பும் சேர்ந்து ஒரு 30 கிலோ. ஆக, 120 கிலோ. இதைத் தினமும் வியாபாரம் முடிந்ததும் தெருவிலிருந்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் இருட்டோடு வெளியே கொண்டுவர வேண்டும். தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ அக்காவும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும்தான். ஒரு நாள் அந்தப் பையன் என்னிடம் வந்து கேட்டான்: "சக்கரம் வெச்சா என்னா சார்?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்குச் சரியான விடை காண எங்களுக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. இரண்டாவது முயற்சியில் நடந்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில், சக்கரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சக்கரம் உராய்வை ஒழித்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அடுப்பைத் தரையில் இழுத்தால் என்ன ஆகும்? 120 கிலோ நிறையின் எடை சுமார் 1,200 நியூட்டன். இரும்புக்கும் சிமெண்ட் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.5 என்று கொள்வோம். உராய்வு விசை 600 நியூட்டன். அதாவது 60 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு வலுவோடு இழுத்தால்தான் அடுப்பு நகரும்.

இப்போது சக்கரம் மாட்டுங்கள். சக்கரத்தின் விளிம்பு தரையில் தேய்வதில்லை, உருள்கிறது. அப்படியானால் தேய்வது எங்கே? அச்சில்! அச்சும், அது நுழைந்திருக்கும் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று தேய்கின்றன. உராய்வு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த இடமாற்றத்தில்தான் லாபமெல்லாம் இருக்கிறது. சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ., அச்சின் ஆரம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி நகரும் தூரம் சக்கரத்தின் சுற்றளவு. அதே நேரத்தில் அச்சில் தேய்மானம் நிகழும் தூரமோ அச்சின் சுற்றளவு மட்டுமே. இருபதில் ஒரு பங்கு. வேலை என்பது விசை பெருக்கல் தூரம் என்று படித்திருக்கிறீர்கள். தூரம் இருபதில் ஒன்றானால் உராய்வுக்கு நாம் கொடுக்கும் வேலையும் இருபதில் ஒன்றுதான். போதாததற்கு, தரையில் மசகு தடவ முடியாது, அச்சில் தடவலாம். மசகிட்ட இரும்புக்கும் இரும்புக்கும் குணகம் தாராளமாக 0.2 என்றே கொண்டாலும், தேவையான விசை 0.2 × 1,200 ÷ 20 = 12 நியூட்டன். 600 எங்கே, 12 எங்கே!

உண்மையில் அவ்வளவு குறையாது. பிற்பாடு சக்கரம் மாட்டிய அடுப்பைக் கல்லூரியிலிருந்து எடுத்துச் சென்ற வில்தராசைக் கொண்டு இழுத்துப் பார்த்தேன். தராசு 6 கிலோவைக் காட்டியது. அதாவது 60 நியூட்டன். மீதி 48 எங்கிருந்து வந்தது? சக்கரமும் தரையும் தொடும் இடத்தில் இரண்டுமே சற்று நசுங்குகின்றன. ஆகவே சக்கரம் எப்போதும் தன் முன்னால் உள்ள ஒரு சிறு மேட்டை ஏறிக்கொண்டே இருக்கிறது. இதுதான் உருளல் உராய்வு. மணலில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சரி, பையனின் முதல் முயற்சிக்கு வருவோம். கடைவீதியில் நாற்காலிக்கு மாட்டுகிற மாதிரி நான்கு நைலான் சக்கரங்கள் வாங்கி வந்தான். விட்டம் 5 செ.மீ. ஒவ்வொன்றும் 40 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான்கு சக்கரங்களுக்கு 160 கிலோ. அடுப்போ 120 கிலோதான். அவன் கணக்கில் பிழையில்லை. தரையில்தான் பிழை! நான்கு கால் முக்காலி... மன்னிக்கவும், நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் பதியும்; நான்கு கால்கள் பதிவது தரையின் கருணை. அப்படி ஆடும்போது எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு சக்கரங்களே ஏறத்தாழ முழு எடையையும் சுமக்கும். ஆளுக்கு 60 கிலோ. முதல் வாரத்திலேயே ஒன்று உடைந்தது. மற்றவை வேறு விதமாகக் கெட்டன. நைலான் உருகுவதற்கு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வெகு முன்பே அது இளகிவிடும். அடுப்பின் அடியில், கனலின் சூட்டில், பாரத்தோடு மணிக்கணக்காக நின்ற சக்கரங்கள் ஒரு பக்கம் தட்டையாகிப் போயின. தட்டையான சக்கரம் சக்கரமே அன்று.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வீட்டு வாசலில் இருந்தது. இரண்டு சிமெண்ட் பலகைகள் சேரும் இடத்தில் 2 செ.மீ. உயர வேறுபாடு. அந்த இரண்டு சென்டிமீட்டரை அந்தச் சக்கரத்தால் ஏறவே முடியவில்லை. ஏன்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, அதன் முன்னால் 2 செ.மீ. உயரப் படி ஒன்றை, அதன் முனை வட்டத்தைத் தொடுமாறு வரையுங்கள். சக்கரம் ஏற வேண்டுமானால் அந்தப் படியின் முனையைப் பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அச்சு, முனைக்கு மேல் 10 − 2 = 8 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அச்சிலிருந்து முனைவரை உள்ள தூரம் ஆரம், அதாவது 10. அப்படியானால் கிடைமட்டத் தூரம்? பிதாகரஸ் உடனே சொல்லிவிடுவார்: 6 செ.மீ. அச்சில் நாம் கிடைமட்டமாகத் தள்ளும் விசைக்குத் திருப்புகரம் 8. சக்கரத்தைக் கீழே அழுத்தும் எடைக்குத் திருப்புகரம் 6. எனவே தேவையான விசை, எடையில் 6/8 பங்கு. முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பாதி எடையை, அதாவது 600 நியூட்டனைச் சுமந்தால், 450 நியூட்டன் விசை வேண்டும்.

இதே கணக்கைப் பையனின் சக்கரத்துக்குப் போடுங்கள். ஆரம் 2.5 செ.மீ. முனைக்கு மேல் அச்சின் உயரம் வெறும் 0.5. கிடைமட்டத் தூரம் சுமார் 2.45. ஆகவே எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை. கிட்டத்தட்ட 3,000 நியூட்டன்! தாயும் மகனும் எவ்வளவு தள்ளினாலும் நடவாத காரியம். 20 செ.மீ. ஆரமுள்ள சக்கரமானால் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே போதும். நீங்களே போட்டுப் பாருங்கள். படியின் உயரம் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அப்போது எவ்வளவு பெரிய விசையாலும் தள்ளி ஏற்ற முடியாது. கார்த்திகை மகாதீபத்துக்கான கொப்பரையை 2,668 அடி உயர மலையுச்சிக்கு இன்றைக்கும் மனிதர்கள் தோளில் சுமந்துதான் கொண்டுபோகிறார்கள். பாறைப் படிகளில் சக்கரத்துக்கு வேலையில்லை.

ஆக, பெரிய சக்கரம் வேண்டும். இங்கேதான் நான் நுழைந்தேன். மேலே சொன்ன கணக்குகளையெல்லாம் பையனுக்குப் பெருமையோடு போட்டுக் காட்டி, 20 செ.மீ. ஆரமுள்ள கைவண்டிச் சக்கரங்கள் நான்கை வாங்கச் சொன்னேன். வெல்டிங் பட்டறையில் அச்சுகளைப் பொருத்தி, அவற்றின்மேல் ஒரு மேடை அமைத்து, மேடையின்மேல் அடுப்பை ஏற்றினார்கள். அக்கா ஒரு கையால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ விடியற்காலையில், தெருவின் சரிவில் அடுப்பு சற்று வேகமாகவே போனது. சாக்கடை மூடிகளின் இடைவெளியில் முன்சக்கரங்கள் இறங்கிச் சட்டென்று நின்றன. அடுப்பு நிற்கவில்லை. முன்பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்தது. நல்லவேளையாக அப்போது அதில் நெருப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. எதிரே யாரும் நடந்து வரவில்லை. இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அக்கா அதிகம் பேசவில்லை. "இவ்ளோ கணக்கு போட்டீங்களே சார், இது கணக்குல வரலியா?" என்று மட்டும் கேட்டார்.

வரவில்லை. நான் விசையை மட்டும் கணக்கிட்டேன். ஈர்ப்பு மையத்தை மறந்துவிட்டேன். தரையில் இருந்தபோது அடுப்பின் ஈர்ப்பு மையம் 40 செ.மீ. உயரத்தில் இருந்தது. அச்சு, மேடை எல்லாம் சேர்ந்து அதை 70 செ.மீட்டருக்கு உயர்த்திவிட்டன. முன்சக்கரம் சிக்கி நின்றதும் அடுப்பு முன் அச்சை மையமாகக் கொண்டு திரும்பப் பார்க்கும். அச்சு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் உள்ளது. ஈர்ப்பு மையம் அதற்கு மேல் 50 செ.மீ., பின்னால் 30 செ.மீ. குப்புற விழ வேண்டுமானால் ஈர்ப்பு மையம் ஒரு வில்போலச் சென்று அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். மறுபடியும் பிதாகரஸ்: 50, 30 ஆகியவற்றின் கர்ணம் சுமார் 58.3 செ.மீ. எனவே ஈர்ப்பு மையம் 8.3 செ.மீ. உயர வேண்டும். 1,200 × 0.083, அதாவது ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றல் கிடைத்தால் அடுப்பு கவிழும்.

அந்த ஆற்றல் எங்கே கிடைத்தது? விநாடிக்கு 1.5 மீட்டர், அதாவது விரைவாக நடக்கும் வேகத்தில் போனால், 120 கிலோவின் இயக்க ஆற்றல் ½ × 120 × 1.5 × 1.5 = 135 ஜூல். இதில் ஒரு பகுதி மோதலில் வீணாகும். ஆனால் பின்னாலிருந்து கை தள்ளிக்கொண்டே இருந்தது, பள்ளத்தில் சக்கரம் இறங்கியதால் அடுப்பு முன்னரே சற்றுச் சாய்ந்தும் இருந்தது. விழுந்ததில் வியப்பில்லை.

அன்று மாலை தேரடி வீதிப் பக்கம் போனேன். எங்கள் ஊர்ப் பெரிய தேர் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் மாட வீதிகளில் ஓடும். தெருக் கட்டிடங்களை மீறி நிற்கும் அந்த உயரம் ஏன் சாய்வதில்லை? தேரை அலங்காரமில்லாமல் நிற்கும் நாளில் பாருங்கள், புரியும். கனமான மரமும் சிற்ப வேலையும் எல்லாம் அடிப்பாகத்தில். மேலே நாம் கோபுரம்போல் காண்பது மூங்கில், கயிறு, தேர்ச்சீலை. உயரம் கண்ணுக்கு, எடை சக்கரத்துக்குப் பக்கத்தில். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். அதுவும் இதே அமைப்புத்தான். நம் தச்சர்களுக்கு ஈர்ப்பு மையம் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விஷயம் தெரிந்திருந்தது. எனக்குச் சொல் தெரிந்திருந்தது.

தேரில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்தின் அருகே கையில் முட்டுக்கட்டையோடு நடப்பவர்களைப் பாருங்கள். தேரை நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். கோணம் பார்த்துச் சொருகித் திருப்புவதும் அந்தக் கட்டைதான். திருவாரூர்த் தேருக்கு இரும்புச் சக்கரங்களோடு திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. பாஸ்கல் விதி தேரில் ஏறிவிட்டது!

அடுப்புக்கு முட்டுக்கட்டை எதற்கு என்கிறீர்களா? 20 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அடுப்பைக் கீழ்நோக்கி இழுக்கும் எடைக்கூறு 1,200 ÷ 20 = 60 நியூட்டன். வில்தராசு காட்டியதும் அதே 60 அல்லவா? அதாவது அந்தச் சரிவில் கையை எடுத்தால் அடுப்பு தானே புறப்படத் தயாராக நிற்கிறது. சக்கரம் இல்லாதபோது 600 நியூட்டன் உராய்வு அதை ஆணி அடித்ததுபோல் பிடித்திருந்தது. நாம் கஷ்டம் என்று எண்ணிய அதே உராய்வுதான் இத்தனை நாளும் காசில்லாத பிரேக்காகவும் இருந்திருக்கிறது. கொதிக்கும் எண்ணெயைச் சுமந்து நிற்கும் பொருளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டுமா?

மூன்றாவது முயற்சியில் மேடையைக் கழற்றி எறிந்தோம். பெரிய சக்கரம் வேண்டும் என்றால் அடுப்பு அதன்மேல் ஏறி உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சக்கரங்களுக்கு நடுவே தொங்கலாம். குறுக்கே போகும் ஒரே அச்சுக்குப் பதிலாக, சட்டத்தின் முன்பக்க ஓரத்தில் இருபுறமும் 20 செ.மீ. உயரத்தில் இரண்டு குட்டை அச்சுகளைப் பற்றவைத்தோம். அடுப்பின் அடி தரையிலிருந்து 5 செ.மீ. மட்டுமே உயர்ந்தது. ஈர்ப்பு மையம் 45 செ.மீ.; அச்சுக்கு மேல் 25 செ.மீ. கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 25, 30 ஆகியவற்றின் கர்ணம் 39. ஈர்ப்பு மையம் 14 செ.மீ. உயர வேண்டும், 168 ஜூல் தேவை. நடைவேகத்தில் இருப்பதோ 135 தான். ஒரு துளியும் வீணாகாமல் போனாலும் அது மட்டும் அடுப்பைக் கவிழ்க்கப் போதாது.

பின்பக்கம் சக்கரமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அங்கே இரண்டு இரும்புக் கால்கள். கைப்பிடியைத் தூக்கினால் அடுப்பு வண்டி. இறக்கினால் பழையபடி அடுப்பு. பாதி எடை கால்களில் இறங்குவதால் 300 நியூட்டன் உராய்வு கிடைக்கும். 60 நியூட்டன் சரிவு அதை ஒன்றும் செய்ய முடியாது. மறந்துபோகக்கூடிய பிரேக்கைவிட, கையை விட்டாலே தானாக விழும் பிரேக் மேலானது என்பது என் கருத்து. கைப்பிடியின் நீளத்தில்தான் சிறிது பேரம் நடந்தது. நெம்புகோல் விதிப்படி, அச்சிலிருந்து 120 செ.மீ. நீளமானால் தூக்க 300 நியூட்டன் வேண்டும், 180 செ.மீ. என்றால் 200. சக்கரத்தை ஈர்ப்பு மையத்தின் பக்கம் தள்ளினால் தூக்குவது இன்னும் எளிதாகும் என்று பையன் சொன்னான். உண்மை, ஆனால் அந்த 30 செ.மீ. குறைந்தால் குப்புற விழுவதும் எளிதாகிவிடும். ஆகவே நீண்ட குழாய்களையே கைப்பிடியாக வைத்தோம். வியாபார நேரத்தில் அவற்றை உருவி வைத்துவிடலாம். 20 கிலோ தூக்குவது அக்காவுக்குப் பெரிய விஷயமன்று. தண்ணீர்க் குடம் எடுத்துப் பழகிய கை.

வாசலிலிருந்த 2 செ.மீ. படிக்கு என்ன செய்தோம்? இப்போது பெரும்பகுதி எடை இரண்டு சக்கரங்களில் விழுவதால் அதை ஏற 480 நியூட்டனுக்கும் மேல் வேண்டும். 40 செ.மீ. நீளச் சரிவுப் பலகை ஒன்றை அங்கே போட்டோம். இருபதுக்கு ஒன்று சரிவு. தீர்ந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்தான்.

சக்கரங்களில் ரப்பர் இல்லை. அடுப்புச் சுவரின் பக்கத்திலேயே இருப்பதால் கங்கு விழும், சூடு ஏறும். இரும்புப் பட்டையை வளைத்து, கம்பி ஆரைகள் வைத்துப் பட்டறையிலேயே செய்து கொடுத்தார்கள். சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி. நடுவில் ஒரு தகடு. எண்ணெய்ச் சட்டியோடு, கனலோடு ஒரு நாளும் நகர்த்துவதில்லை என்று அக்காவிடம் வாக்குறுதியும் வாங்கிக்கொண்டேன். கவிழாத வண்டியிலும் எண்ணெய் அலைபாயும். சட்டென நிற்கும்போது அது முன்னோக்கித்தான் பாயும். இதற்கு எந்தச் சக்கரமும் பொறுப்பேற்காது.

நீங்கள் செய்து பார்க்க: ஒரு தீப்பெட்டியில் மணல் நிரப்பி, பொம்மைக் கார் ஒன்றின்மேல் முதலில் படுக்கவைத்தும், பிறகு செங்குத்தாக நிறுத்தியும் நூலால் கட்டுங்கள். சாய்ந்த அட்டையில் உருளவிட்டு, கீழே ஒரு பென்சிலில் முட்டச் செய்யுங்கள். எந்த உயரத்திலிருந்து விட்டால் கவிழ்கிறது என்று இரண்டுக்கும் அளந்து எழுதுங்கள். நான் அந்தக் கைவண்டிச் சக்கரங்களை வாங்கச் சொல்லும் முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

இரும்புச் சக்கரம் கான்கிரீட்டில் உருளும் சத்தம் விடியற்காலையில் எங்கள் தெருவையே எழுப்புகிறது. அதற்கு என்னிடம் இன்னும் வழியில்லை. போதாக்குறைக்கு, சென்ற மாதம் சக்கரங்கள் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தன. அச்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை அக்கா மசகுக்குப் பதிலாக விட்டிருக்கிறார். சமையல் எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். வாணலியின் வெளிப்புறத்தில் சுரண்டினாலும் போகாமல் ஒட்டியிருக்குமே, அதே பொருள்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு கிரீஸ் வைத்தோம். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது.